தயிரும் கிருமிதானா? நுண்ணுயிர்ப் பாடத்தில் நாம் செய்யும் தவறுகள்

சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் ஊரில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சின்னச் சின்ன சோதனைகள் செய்து பார்க்கிறேன். நுண்ணுயிர் பாடத்தைத் தப்பாகத்தான் தொடங்கினேன். தட்டில் தண்ணீர், மேலே மிளகுத்தூள், சோப்பு தொட்ட விரல். தூள் ஓரத்துக்கு ஓடியது. "சோப்பைக் கண்டா கிருமி பயந்து ஓடுது பாத்தியளா" என்றேன். ஓட வைத்தது தண்ணீரின் பரப்பு இழுவிசை; அதில் கிருமியும் இல்லை, பயமும் இல்லை. அடுத்த வாரமே ஐந்தாம் வகுப்புக்காரி ஒருத்தி கேட்டாள்: "யக்கா, அப்போ தயிரும் கிருமிதானா?"

அதிலிருந்து தயிரில்தான் தொடங்குகிறேன். அதிலும் தவறலாம். பால் கொதிக்கக் கொதிக்க உறைமோர் விட்டால் அதிலுள்ள பாக்டீரியா செத்துப்போகும். கை பொறுக்கிற சூடுதான் கணக்கு. இன்னொன்று, ஒரே கிண்ணத்தை வைத்து "பார், தயிராகிவிட்டது" என்பது. அது சமையல், சோதனைக்கு மூன்று கிண்ணம் வேண்டும். மூன்றிலும் ஒரே பால், ஒரே அளவு. ஒன்றில் உறைமோர் விட்டு வெளியே வைக்கவும், ஒன்றை உறைமோர் விடாமல் வெளியே வைக்கவும், மூன்றாவதை உறைமோர் விட்டு ஃப்ரிட்ஜில் வைக்கவும். என்ன ஆகும் என்று பிள்ளைகள் முதலிலேயே எழுதிவிட வேண்டும். நம்மூர் வெயிலில் உறை விடாத பாலும் மறுநாள் திரிந்துபோகலாம். சோதனை தோற்றதென்று கொட்டிவிடாதீர்கள்; காய்ச்சிய பிறகும் இது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் மண்டையைக் குடைவார்கள். திரிந்ததை யாரும் ருசி பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

இட்லி மாவு பொங்குவது ஈஸ்ட்டால் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரும்பங்கு வேலை லியூக்கோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களுடையது; உளுந்தோடு சேர்ந்தே அவை வருகின்றன. பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது ஏன் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்: தடவாவிட்டால் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் கள்ளாக்கிவிடும். செய்து காட்ட முடியாது, கள்ளுக்குத் தடை!

நிஜமாகவே பயப்பட வேண்டியது வேறொன்று. கையைத் தடவி, கைபேசியைத் தடவி, நுண்ணுயிர் வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் வளர்க்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. குளிர் நாட்டுப் பள்ளிகளில் இதை 25 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்வார்கள். நம் உடம்பின் சூட்டில் செழிப்பவைதான் நம்மை நோயாக்கும் என்பது காரணம். சித்திரை, வைகாசியில் இங்கே திண்ணையே உடம்புச் சூடான 37 டிகிரியைத் தாண்டும். தட்டில் எது வளர்ந்தது என்று நமக்குத் தெரியாது, கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். வீட்டில் வேண்டவே வேண்டாம். பூஞ்சை காட்ட ரொட்டித்துண்டு போதும்: ஈரம் தெளித்து, ஜிப் பைக்குள் அடைத்து, ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். வெளியிலிருந்தே பார்த்து வரையட்டும். "மோந்து பாக்கட்டா?" என்று எவனாவது கேட்பான். பையைத் திறக்காமலே குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு அந்தப் பூஞ்சையின் வித்துத்தூள் ஆகாது.

காகித மைக்ரோஸ்கோப்பில் பாக்டீரியா காட்டுகிறேன் என்று ஆசை காட்டாதீர்கள். ஃபோல்டுஸ்கோப் என்ற அந்தக் காகித மைக்ரோஸ்கோப் ஏறக்குறைய 140 மடங்குதான் பெரிதாக்கும். பாக்டீரியாவோ ஒன்றிரண்டு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. பாசி படிந்த குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு வையுங்கள், நீந்துகிறவை ஏமாற்றாது. குளத்தில் தண்ணீர் மொள்ளப் பெரியவர்கள்தான் இறங்க வேண்டும்.

கண்ணாலேயே காட்ட வேண்டுமா? நெல் அறுத்த வயலில் உளுந்து போட்டிருப்பார்கள். செடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் வேர்முடிச்சுகள் மண்ணிலேயே நின்றுவிடும், நானும் முதலில் அப்படித்தான் வெறும் வேரைக் காட்டினேன். களைக்கொத்தியால் சுற்றி மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். காய் முற்றும் முன்பே போக வேண்டும். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே ரோஸ் நிறம் தெரியும். அப்படித் தெரிந்தால் ரைசோபியம் என்ற பாக்டீரியா உள்ளே காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வயல்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், இரண்டு செடிக்கு மேல் பிடுங்க விடமாட்டார்.