எல்க் மான் கறி கைக்கு வந்தால்

அமெரிக்காவிலேயே எல்க் மான்கள் அதிகம் உள்ள மாநிலம் கொலராடோ. அங்கே மலையோர ஊரில் குடியிருந்தால், இலையுதிர் கால வேட்டை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் கறியை நீட்டுவது சகஜம். (காட்டு மான் கறியை விற்கச் சட்டம் அனுமதிக்காது. ஓட்டலில் கிடைப்பது பண்ணையில் வளர்த்தது.)

வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: மானுக்கு 'சிடபிள்யூடி' பரிசோதனை செய்தார்களா? மூளையைத் தாக்கும் நோய் அது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதே அந்நாட்டு நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை. எவ்வளவு வேகவைத்தாலும் நோய்க்குக் காரணமான புரதம் அழியாது, ஃப்ரீசரும் உதவாது.

சரி, சமையலுக்கு வருவோம். இந்தக் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, அதனால் மாட்டுக்கறியைவிடச் சீக்கிரம் வறண்டுவிடும். மேலே படிந்திருக்கும் வெள்ளைச் சவ்வைக் கூர்மையான கத்தியால் முழுக்கச் சீவி எடுங்கள். ரப்பர் போல இழுப்பது அதுதான். கழுத்து, தோள், கால் கறியை நம் மட்டன் குழம்பு முறையிலேயே செய்யலாம். ஆனால் குக்கர் விசிலை நம்புவதைவிட, கனமான பாத்திரத்தில் மூடிபோட்டு, சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் விடுவது மேல். எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றுங்கள். கொத்துக்கறி என்றால் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும்.

மசாலாவை மட்டும் பாதியாகக் குறையுங்கள். பலர் பயப்படும் கவிச்சி இதில் அவ்வளவாக இல்லை.