சர்வருக்குப் பிறப்புச் சான்றிதழும் வேண்டும், இறப்புப் பதிவும் வேண்டும்: இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பப்பெட், செஃப், சால்ட், ஆன்சிபிள் போன்ற கருவிகள் ஒரு சர்வருக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்கின்றன. டெராஃபார்ம், கிளவுட்ஃபார்மேஷன் வகையறாக்கள் சர்வரையே உருவாக்குகின்றன, தேவை தீர்ந்ததும் அழிக்கின்றன. இரண்டையும் தனித்தனியே கரைத்துக் குடித்தவர்கள்கூட ஒன்றோடொன்று கோக்கும்போது தடுமாறுகிறார்கள். தடுமாற்றம் பெரும்பாலும் சர்வர் பிறக்கும் நிமிடத்திலும் இறக்கும் நிமிடத்திலும்தான் வருகிறது.

முதல் தவறு, கிளவுட் தளம் 'இயங்குகிறது' என்று சொன்னதை அப்படியே நம்புவது. மெஷின் பவர் ஆகிவிட்டது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. உபுண்டு சர்வர் ஒன்று முதல்முறை எழும்போது, அதன் தொடக்க அமைப்பைச் செய்யும் கிளவுட்-இனிட் என்ற நிரல் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட்டும் அதே நேரத்தில் கிளம்பி, ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டும் மென்பொருள் நிறுவவிடும் பேக்கேஜ் பூட்டைக் கையில் வைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஆன்சிபிள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) வழியாக நுழைந்து நிறுவத் தொடங்கினால், பூட்டு கிடைக்கவில்லை என்று விழுந்துவிடும். பத்து முறை சரியாக ஓடும், பதினோராவது முறை விழும். உடனே ஸ்கிரிப்டில் 60 வினாடி காத்திருப்பைச் சேர்ப்பார்கள். பிறகு அது 90 ஆகும். 300 வரை போன ஸ்கிரிப்ட் ஒன்றைப் பார்த்திருக்கிறேன், எழுதியவன் நான்தான்.

கிளவுட்-இனிட் முடியும்வரை காத்திருக்க அதிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. அதை முதல் வேலையாக வையுங்கள். அமேசான் கிளவுடில் கிளவுட்ஃபார்மேஷனைப் பயன்படுத்தினால், அமைப்பு வேலை முழுவதும் முடிந்ததும் சர்வரே சிக்னல் அனுப்பும்படி செய்யலாம்; சிக்னல் வராதவரை அது உருவானதாகவே கணக்கில் வராது.

டெராஃபார்மில் சர்வர் உருவானதும் கட்டளைகளை ஓட்டும் பகுதியான புரொவிஷனருக்குள், ஆன்சிபிளின் பணிப்பட்டியலான பிளேபுக்கைத் திணிப்பது அடுத்த தவறு. புரொவிஷனர் கடைசிப் புகலிடமாக மட்டுமே இருக்க வேண்டும் என்று டெராஃபார்மின் ஆவணமே சொல்கிறது. சர்வர் உருவாகும்போது ஒருமுறைதான் அது ஓடும். பிளேபுக்கை அடுத்த வாரம் திருத்தினால் பழைய சர்வர்களுக்கு அது போய்ச் சேராது. அதைவிட மோசம், நடுவில் ஏதாவது தவறினால் அந்தச் சர்வர் கறைபட்டதாகக் குறிக்கப்பட்டு, அடுத்த முறை ஓட்டும்போது அழிக்கப்பட்டு மீண்டும் உருவாக்கப்படும். பேக்கேஜ் களஞ்சியம் இரண்டு நிமிடம் பதிலளிக்கவில்லை என்பதற்காக ஒரு முழு சர்வரைப் பலி கொடுப்பது நியாயமில்லை.

அடையாள விஷயத்துக்கு வருகிறேன். பப்பெட் சர்வர், அதாவது பப்பெட்டின் மையம், ஒவ்வொரு ஏஜென்டுக்கும் (நிர்வகிக்கப்படும் சர்வரில் ஓடும் பப்பெட் நிரலுக்கும்) சான்றிதழ் கையெழுத்திட்டுத் தருகிறது. தானாக உருவாகும் சர்வருக்கு ஆள் உட்கார்ந்து ஒப்புதல் தர முடியாது என்பதால், தானியங்கிக் கையெழுத்துக் கோப்பில் ஒற்றை நட்சத்திரக் குறியைப் போட்டுவிடுகிறார்கள். யார் கேட்டாலும் சான்றிதழ் கொடு என்று அதற்குப் பொருள். கோரிக்கைக்குள் ஒரு ரகசிய டோக்கனை வைத்து அனுப்பி, அதைச் சரிபார்க்கும் சிறிய நிரல் வழியாகக் கையெழுத்திடுவதே முறை. சர்வரின் பங்கு என்ன என்பதையும் அந்தச் சான்றிதழுக்குள்ளேயே பொறித்துவிட வேண்டும். சாதாரண ஃபேக்ட் என்பது சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. வெப் சர்வருக்குள் புகுந்தவன் 'நான் டேட்டாபேஸ் சர்வர்' என்று சொன்னால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளை நீங்களே அவன் கையில் கொடுத்துவிடுவீர்கள்.

இமேஜ், அதாவது புதிய சர்வர்களை உருவாக்க உதவும் அச்சு நகல், தயாரிக்கும்போது இன்னொரு விபத்து நேரும். ஏஜென்டை நிறுவி, சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே இமேஜாகச் சேமிப்பது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி உருவான பன்னிரண்டு சர்வர்கள் டாஷ்போர்டில் ஒரே சர்வராகத் தெரிந்தன. பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதன் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருந்தது. நெட்வொர்க் கோளாறு என்று அரை நாள் தேடினோம். பன்னிரண்டும் ஒரே சான்றிதழையும் ஒரே சாவியையும் சுமந்துகொண்டிருந்தன. இமேஜை மூடுவதற்கு முன் பப்பெட்டின் சான்றிதழ்க் கோப்புறையையும், சால்ட் என்றால் மினியன் (சால்ட்டின் ஏஜென்ட்) அடையாளத்தையும் சாவிகளையும் துடைத்துவிடுங்கள்.

இறப்பைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. கிளவுட் தளம் சர்வரை அழித்துவிடும். பப்பெட் சர்வரிடம் அதன் சான்றிதழ் அப்படியே கிடக்கும். சில வாரம் கழித்து அதே பெயரில் புதிய சர்வர் பிறந்து சான்றிதழ் கேட்டால், பழையது கிடைக்கும். புதிய சாவியோடு அது பொருந்தாது, ஏஜென்ட் நின்றுவிடும். சான்றிதழை நீக்குவதை, சர்வர் அழியும்போது ஓடும் கட்டளையாக டெராஃபார்மில் எழுதி வைப்பவர்கள் உண்டு. ஆனால் கோப்பிலிருந்து அந்தச் சர்வரின் பகுதியையே நீக்கினால், அந்தக் கட்டளையும் கூடவே போய்விடும், ஓடாது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் மலிவான ஸ்பாட் சர்வர்களுக்கோ அமேசான் 2 நிமிட முன்னறிவிப்புதான் தருகிறது. ஆகவே அழிக்கும் நேரத்துக் கட்டளையை மட்டும் நம்பாமல், கிளவுடில் உயிரோடு இருப்பவற்றின் பட்டியலையும் சான்றிதழ்ப் பட்டியலையும் ஒப்பிட்டு, செத்தவற்றை நீக்கும் வேலையொன்றைத் தினமும் ஓட்டுங்கள்.

சர்வர் தொடங்கும்போது அதற்குக் கொடுத்தனுப்பும் யூசர் டேட்டாவில் ரகசியங்களை எழுதாதீர்கள். 169.254.169.254 என்ற கிளவுட் தகவல் முகவரியைக் கேட்கத் தெரிந்த எந்த நிரலும் சர்வருக்குள்ளிருந்து அதைப் படித்துவிடும். உருவாக்கியவற்றை டெராஃபார்ம் குறித்து வைக்கும் ஸ்டேட் கோப்பிலும் பாஸ்வேர்டுகள் வெறும் எழுத்தாகவே கிடக்கும். சால்ட்டின் மைய சர்வரான மாஸ்டரின் 4505, 4506 போர்ட்களை இணையத்துக்குத் திறந்து வைப்பதும் இதே ரகம். 2020இல் சால்ட்டில் கண்டறியப்பட்ட ஓட்டைகள் வழியாக அப்படித் திறந்து கிடந்த மாஸ்டர்கள் தாக்கப்பட்டன.

ஆன்சிபிள் பயன்படுத்துவோருக்குத் தனியாக ஒன்று. அது வெளியிலிருந்து தள்ளும் கருவி. நள்ளிரவில் ஆட்டோஸ்கேலிங் (சுமைக்கேற்பத் தானாகச் சர்வர்களைக் கூட்டிக் குறைக்கும் வசதி) எழுப்பிய சர்வருக்கு யார் வந்து பிளேபுக்கை ஓட்டுவார்கள்? சர்வரே இழுத்து ஓட்டிக்கொள்ளும் முறை அதில் உண்டு, அல்லது முழுமையான இமேஜிலிருந்து தொடங்கலாம்.

கடைசியாக, ஒரே கோப்புக்கு இரண்டு எஜமானர்கள். எந்தப் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பை நிர்வகிக்கும்படி கிளவுட்-இனிட்டுக்குச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு ரீபூட்டிலும் அதைப் புதிதாக எழுதும். அதே கோப்பை பப்பெட்டும் கவனிக்கிறது என்றால், இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை அது வந்து தன் வரிகளைத் திருப்பிப் போடும். ரீபூட்டுக்குப் பின் சிறிது நேரம் மட்டும் டேட்டாபேஸ் கிடைக்கவில்லை, பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது என்று யாராவது புகார் சொன்னால், முதலில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். யார் எழுதியது என்று மேலே உள்ள குறிப்பு வரியே பெரும்பாலும் சொல்லிவிடும்.