தயங்கும் மாணவரைக் கலைத் திருவிழா மேடைக்கு அழைத்துவருவது எப்படி?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் அறிமுகமான கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடைபெறுகிறது. வெற்றி பெறக்கூடியவர்களை மேலே அனுப்புவதிலேயே ஆசிரியரின் கவனம் நின்றுவிட்டால், ஆண்டுதோறும் அதே நான்கைந்து பேரே பெயர் கொடுப்பார்கள். பள்ளி அளவிலான சுற்றையாவது இதுவரை மேடையேறாதவர்களுக்கென்று ஒதுக்குங்கள்.

"யார் சேருகிறீர்கள்?" என்று வகுப்பில் பொதுவாகக் கேட்டால் கடைசி வரிசை தலையைக் குனிந்துகொள்ளும். மாணவரைத் தனியே அழைத்து, "வில்லுப்பாட்டில் பின்பாட்டுப் பாட ஓர் ஆள் வேண்டும், வருகிறாயா?" என்று குறிப்பிட்ட ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள். கூச்சமுள்ளவர்களுக்கு வில்லுப்பாட்டைவிடப் பொருத்தமான கலை இல்லை என்பது என் கருத்து. முதன்மைப் பாடகர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர்கள் உட்கார்ந்தபடியே "ஆமாம்" போடுவதால், தனியாக நிற்கும் அச்சமின்றிக் குரலெழுப்ப அவர்களுக்குப் பழக்கம் ஏற்படுகிறது. உடுக்கையையோ குடத்தையோ ஒப்படைத்தால் கைக்கும் வேலை கிடைத்து நடுக்கம் குறையும். சில ஒத்திகைகளுக்குப் பின், இரண்டு வரிகளைத் தனியே பாடக் கொடுக்கலாம்.

தாளம் தவறினால் பாட்டு முடிந்த பிறகு திருத்துங்கள். ஆனால் யாரேனும் கேலியாகச் சிரித்தால் அந்த இடத்திலேயே கண்டியுங்கள். திட்டவட்டமாக மறுப்பவரை வற்புறுத்தாமல், ஒப்பனையிலோ மேடை அமைப்பிலோ சேர்த்துக்கொண்டு, அடுத்த ஆண்டு மறுபடியும் கேளுங்கள்.