மழை மாதங்களில் பினாங்குச் சீன வாயாங் பார்ப்பது எப்படி?

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வருகிறது. 2026ஆம் ஆண்டில் அது ஆகஸ்டு 13ஆம் தேதி தொடங்கி, செப்டம்பர் 10ஆம் தேதி முடிகிறது. பசித்த ஆவிகளுக்குப் படையலிடும் அந்த மாதத்தில், பினாங்கின் சந்தைகளிலும் தெருமுனைகளிலும் கோயில் முற்றங்களிலும் வட்டாரக் குழுக்கள் தத்தமக்குரிய நாள்களில் விழா எடுக்கின்றன. சில குழுக்கள் அதற்குத் தியோச்சியூ மொழியிலோ ஹொக்கியன் மொழியிலோ நடக்கும் வாயாங்கை அழைத்து வருகின்றன. பட்டுடையும் முகச்சாயமும் அணிந்த நடிகர்கள் திறந்தவெளி மேடையில் பாடி ஆடும் அந்த மரபுவழி இசைநாடகத்தைக் கட்டணமின்றி யாரும் பார்க்கலாம். வடநாடுகளில் கோடை எனப்படும் அதே மாதங்களில் நம் தீவில் மழை கூடிக்கொண்டே போய், செப்டம்பரிலும் அக்டோபரிலும் உச்சத்தைத் தொடும். ஆகவே நாடகம் பார்க்கப் போகிறவர் மழைக்கும் சேர்த்தே ஆயத்தமாக வேண்டும்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இந்த ஆட்டம் நமக்காக நடப்பதில்லை என்பது. மேடை தெய்வத்தின் பீடத்தை நோக்கியே கட்டப்படுகிறது. முதல் வரிசை நாற்காலிகள் கண்ணுக்குத் தெரியாத விருந்தினருக்காக விடப்படுகின்றன. மழை கொட்டிக் கூட்டம் கலைந்தாலும் நாடகக் குழுவினர் பெரும்பாலும் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. அழைக்கப்பட்டவர்கள் எழுந்து போய்விடவில்லை என்பது அவர்களுடைய நம்பிக்கை. எனவே, மழை வந்துவிட்டதால் ஆட்டம் இருக்காது என்று வீட்டிலேயே தங்கிவிடுவது தேவையற்றது. என்னைக் கேட்டால், மழை இரவுதான் வாயாங்கிற்கு நல்ல இரவு. கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுக்கும் சுற்றுலாக் கூட்டம் ஒதுங்கிவிடும். கதையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மூதாட்டிகளும் நீங்களும் மட்டுமே மிஞ்சுவீர்கள்.

எங்கே, எந்த இரவில் நடக்கிறது என்பதை அறிய, அந்த வட்டாரத்துக் காப்பிக்கடையில் விசாரிப்பதே எளிய வழி. ஆனால் மேடை இருக்கும் இடமெல்லாம் வாயாங் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பல குழுக்கள் இப்போது கோ தாய் எனப்படும் பாட்டுக் கச்சேரியைத்தான் ஏற்பாடு செய்கின்றன. அதற்குத்தான் இளைஞர் கூட்டமும் வருகிறது. பகலிலேயே ஒருமுறை அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். மேடையில் வண்ணம் தீட்டிய திரைச்சீலைகளும் பின்புறம் உடைப்பெட்டிகளும் இருந்தால் அது வாயாங். மின்விளக்குப் பலகையும் கீபோர்டும் இருந்தால் கோ தாய். ஏழாம் மாதம் வரை காத்திருக்க விரும்பாதவர்கள், ஆறாம் மாதத்தின் பத்தொன்பதாம் நாளில், அதாவது 2026இல் ஆகஸ்டு 1ஆம் தேதி, பிட் ஸ்திரீட்டிலுள்ள குவான் யின் அம்மன் கோயில் பக்கம் போய்ப் பார்க்கலாம். அம்மனின் திருநாள்களில் கோயில் முன்பாக வாயாங் வைப்பது அங்கே பழைய வழக்கம். குயீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அது நடந்து போகும் தூரம்தான்.

வானிலையைப் பொறுத்தவரை, இந்த மாதங்களில் இருவகை மழையை எதிர்பார்க்கலாம். ஒன்று, சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று மழை. அது பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வந்து ஓய்ந்துவிடும், நாடகத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. மற்றொன்று, பகல் வெயிலில் சூடேறிய நிலத்தின்மேல் கடற்காற்று ஏறி, மலைப் பக்கம் திரண்டு, பிற்பகலிலோ மாலையிலோ இடியோடு இறங்கும் மழை. நமக்குக் கவலை தருவது இதுதான். வாயாங் வழக்கமாகப் பிற்பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் நடக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இரவு ஆட்டத்தையே தேர்ந்தெடுங்கள். வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு, கொடிமலையின் (பினாங்கு மலையின்) உச்சி மாலையில் தெரிகிறதா என்பதையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். உச்சி கருமேகத்துள் மறைந்திருந்தால், முதல் காட்சியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மெதுவாகப் போவதே நல்லது.

எங்கே நிற்பது என்பதுதான் இதில் மிகவும் முக்கியமானது. மேடைக்குக் கூரை உண்டு. பார்வையாளருக்குச் சில இடங்களில் மட்டுமே கூடாரம் போடுகிறார்கள். கூடாரம் இருந்தால் அதன் விளிம்பில் அமராதீர்கள்; துணியில் தேங்கும் தண்ணீர் ஒரே சமயத்தில் சரிந்து விழுவது அங்கேதான். இரண்டு கூடாரங்கள் சேரும் இடமும் அப்படியே. கூடாரம் இல்லாத தெருக்களில், எதிரிலோ பக்கவாட்டிலோ உள்ள கடைவீடுகளின் காக்கி லீமாவே, அதாவது கடைமுன் உள்ள கூரையிட்ட நடைபாதையே, நம் இருக்கை. மேடைக்கு நேர் எதிரே பீடம் இருப்பதால், பக்கவாட்டில், காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டும் வரிசையில் நிற்பதே வசதி. இவ்விடத்திற்கு இன்னொரு நன்மையும் உண்டு. மேடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் தாளக்காரர்களையும், பக்கத்திரைக்குப் பின்னால் அடுத்த நுழைவுக்காகக் காத்திருக்கும் நடிகரையும் அங்கிருந்து பார்க்க முடியும். எங்கே நின்றாலும் குடையை விரிக்காதீர்கள். பின்னால் இருப்பவரின் பார்வையை மறைப்பதோடு, குடைக்கம்பியிலிருந்து வழியும் தண்ணீர் பக்கத்திலிருப்பவரின் தோளில்தான் விழும். கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் மெல்லிய மழைக்கோட்டு போதும். வெள்ளாடை வேண்டாம், எரித்த காகிதக் காசுகளின் சாம்பல் ஈரத்துணியில் பட்டால் கறையாகிவிடும். செருப்பின் அடிப்பகுதி தேய்ந்திருக்கக் கூடாது. காக்கி லீமாவின் பழைய ஓடுகள் நனைந்தால் வழுக்கும், அதை ஒட்டியுள்ள சாக்கடை பல இடங்களில் திறந்தே கிடக்கும்.

மழையைப் பொறுத்துக்கொள்ளலாம், மின்னலைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது விநாடிகூட இல்லையென்றால், அது ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தூரத்திற்குள் வந்துவிட்டது என்று பொருள். அப்போது இரும்புச் சட்டத்தில் நிற்கும் கூடாரமும் மேடையின் அடிப்பகுதியும் ஒதுங்கும் இடங்கள் அல்ல. காப்பிக்கடைக்குள் போய் உட்கார்ந்து, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு வெளியே வாருங்கள். மேடை விளக்குகளுக்காகத் தரையில் இழுத்துவிட்ட மின்கம்பிகள் தேங்கிய நீரில் கிடந்தால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மழையில் வாயாங் பார்ப்பதில் உள்ள உண்மையான இடையூறு, பாட்டு கேட்காது என்பதுதான். தகரக் கூரைமேல் விழும் மழை, ஒலிபெருக்கியையும் அமுக்கிவிடும். மேடையோரத்தில் சில குழுக்கள் ஓட்டும் எழுத்துத்திரையும் சீன எழுத்தில் இருப்பதால் நம்மில் பலருக்குப் பயன்படாது. ஆயினும், இந்தக் கலை கண்ணுக்கே பாதிக் கதையைச் சொல்லிவிடும்படி அமைந்தது. சிவப்பு முகம் விசுவாசமுள்ள வீரனுக்குரியது. குவான் யூ அப்படித்தான் வருவார். கறுப்பு முகம் வளைந்து கொடுக்காத நேர்மைக்குரியது. நீதிபதி பாவ் அதற்கு எடுத்துக்காட்டு. முகம் முழுவதும் வெண்சாயம் பூசியவர் சூழ்ச்சிக்காரர். மூக்கைச் சுற்றி மட்டும் வெள்ளைத் திட்டு இட்டிருப்பவர் கோமாளி. நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அவர் செய்கிறார். கையில் குஞ்சம் வைத்த சாட்டை இருந்தால் அவர் குதிரைமேல் இருக்கிறார். சக்கரம் வரைந்த இரு கொடிகளுக்கு நடுவே நடப்பவர் தேரில் போகிறார். முதுகில் நான்கு சிறு கொடிகள் கட்டியவர் படைத்தலைவர். அவருக்குப் பின்னால் வரும் நான்கு பேர் ஒரு படை முழுவதற்கும் சமம். மேடையை ஒருமுறை சுற்றி வந்தால் நெடும்பயணம் முடிந்துவிட்டது. ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும், தேவைக்கேற்ப நீதிமன்றமாகவும் மலையாகவும் மாறும். நுழைபவர்கள் மரபுப்படி நமக்கு இடப்பக்கத்திலிருந்து வந்து வலப்பக்கமாக வெளியேறுவார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தால், மழை ஓசையில் ஒரு சொல்கூடக் கேட்காவிட்டாலும் யார் யாருக்கு எதிராக நிற்கிறார்கள் என்பது விளங்கிவிடும். தாளம் மட்டும் மழையைத் துளைத்துக்கொண்டு வரும். அது திடீரென்று வேகமெடுத்தால், யாரோ வரப்போகிறார் அல்லது சண்டை தொடங்கப்போகிறது என்று நிமிர்ந்து பார்க்கலாம்.

ஒதுங்க இடம் தேடும் அவசரத்தில் சில மரியாதைகளை மறந்துவிடக் கூடாது. முதல் வரிசை காலியாகவும் கூடாரத்திற்குள்ளும் இருந்தாலும் அங்கே அமர வேண்டாம். தாய் சூ யா எனப்படும் ஆவிகளின் தலைவருடைய பெரிய காகித உருவத்தை மழை படாமல் ஒரு கொட்டகையில் வைத்திருப்பார்கள். புக்கிட் மெர்தாஜாமில் இருபது அடிக்கு மேல் உயரமாகவே அதைச் செய்கிறார்கள். இறுதி இரவில் எரிப்பதற்காக அதைக் காக்கிறார்கள் என்பதால், ஈரக்கோட்டோடு அதை ஒட்டி நிற்காதீர்கள். மேடைக்குப் பின்னால் போய் ஒப்பனையைப் பார்க்க விரும்பினால் கேட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அங்குள்ள குழுத்தெய்வத்தின் பீடத்தையும் உடைப்பெட்டிகளையும் தொடக் கூடாது. சாலையோரப் படையல்கள் மழைநீரில் நகர்ந்து காலருகே வந்தாலும், மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

திரும்பும் பயணத்தை ஆட்டம் முடியும் நேரத்திற்கு விட்டுவைக்க வேண்டாம். மழை நேரத்தில் கிராப் வாடகை வண்டியின் கட்டணம் ஏறும். மேடை கட்டிய சாலை அடைபட்டிருந்தால் வண்டி அருகிலும் வராது. ரேப்பிட் பினாங்கின் கடைசிப் பேருந்து எப்போது என்பதையும், பட்டர்வொர்த் செல்பவராயின் கடைசிப் படகின் நேரத்தையும் முன்னதாகவே பார்த்து வைத்துக்கொண்டு, வண்டியை இரண்டு தெரு தள்ளி, கூரையுள்ள ஒரு கடைவாசலுக்கு வரச்சொல்லுங்கள்.