மேஜிக் சீட்டாட்டம்: எது முதலில் நடக்கும்?

சிங்கப்பூரில் புளோக்கின் கீழ்த்தளத்திலோ சீட்டுக் கடையின் நீண்ட மேசையிலோ 'மேஜிக்: த கேதரிங்' ஆடுவோரிடையே மூளும் வாக்குவாதங்கள், பெரும்பாலும் எது முதலில் நடக்கும் என்பதைப் பற்றியவையே. ஆகவே, போட்ட மந்திரங்களும் ஆற்றல்களும் நிறைவேறக் காத்திருக்கும் ஸ்டாக் எனப்படும் அடுக்கை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கடைசியாக அதன்மேல் வைக்கப்பட்டதே முதலில் நிறைவேறும், அதுவும் இருவரும் அடுத்தடுத்து 'பதில் இல்லை' என்று விட்டுக்கொடுத்த பின்னரே.

எதிராளியின் 2/2 (தாக்கும் வலிமை இரண்டு, தாங்கும் வலிமை இரண்டு) கரடிமீது மூன்று சேதம் தரும் 'லைட்னிங் போல்ட்' போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் பதிலுக்கு, இரண்டு எண்களிலும் மூன்றைக் கூட்டும் 'ஜயன்ட் குரோத்' போட்டால், அது முதலில் நிறைவேறிக் கரடி 5/5 ஆகிவிடும். உங்கள் மூன்று சேதம் அதைக் கொல்லாது. மாறாக, அவர் 'ஜயன்ட் குரோத்'தை முதலில் போடும்வரை காத்திருந்து, அதற்குப் பதிலாக நீங்கள் போல்ட்டைப் போட்டால் கரடி இறந்துவிடும். இலக்கை இழந்த அவருடைய மந்திரமும் வீணாகும், செலவழித்த மானா எனும் மந்திரச் சக்தியும் திரும்பாது. பொறுமைக்கு இந்த ஆட்டத்தில் நல்ல விலை உண்டு.

'டேப்' செய்து, அதாவது சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு சேதம் தரும் மந்திரவாதியின் ஆற்றல் ஸ்டாக்கில் ஏறிய பிறகு அவரைக் கொன்றாலும், அந்தச் சேதம் வந்தே தீரும். நிலச்சீட்டிலிருந்து மானா எடுப்பதோ ஸ்டாக்குக்கே போவதில்லை. அதற்கு எவரும் பதில் கொடுக்க முடியாது.

தாக்குதல் அறிவிக்கப்பட்ட பின் தாக்கும் கிரியேச்சரை (கரடி, மந்திரவாதி போன்ற உயிரினச் சீட்டை) டேப் செய்வதால் பயனில்லை. அது தாக்காமலிருக்க வேண்டுமானால், சண்டைக் கட்டம் தொடங்கும்போதே, அறிவிப்புக்கு முன்னதாகவே செய்ய வேண்டும். அதேபோல், தடுத்து நின்ற கிரியேச்சர் இடையில் இறந்தாலும், தாக்கியது தடுக்கப்பட்டதாகவே கருதப்படும். மிஞ்சிய சேதத்தை ஆட்டக்காரருக்குக் கடத்தும் 'டிராம்பிள்' அதற்கு இருந்தாலொழிய ஆட்டக்காரருக்குச் சேதம் போகாது. டிராம்பிளும், ஒரே சேதத்தாலும் கிரியேச்சரைக் கொல்லும் 'டெத்டச்'சும் சேர்ந்த 5/5 கிரியேச்சரை ஒரு 4/4 தடுத்தால், தடுக்கும் கிரியேச்சருக்கு ஒரு சேதத்தை ஒதுக்கி, மீதி நான்கையும் ஆட்டக்காரருக்கே தரலாம்.

சண்டைச் சேதத்தை ஸ்டாக்கில் வைத்துவிட்டு கிரியேச்சரைப் பலி கொடுக்கும் பழைய தந்திரம் 2009 விதிமாற்றத்தோடு போய்விட்டது. நெடுநாள் கழித்துத் திரும்புவோர் இதில்தான் தடுமாறுகின்றனர்.

புதிதாக வந்த கிரியேச்சர், வந்தவுடனே செயல்படவிடும் 'ஹேஸ்ட்' இல்லாவிட்டால், உங்கள் அடுத்த முறைவரை தாக்காது. டேப் குறியுள்ள தன் ஆற்றலையும் பயன்படுத்தாது. ஆனால் அது தடுக்கலாம்.

போட்டியில் ஐயம் எழுந்தால், சீட்டுகளை நீங்களாகவே பின்னோக்கி நகர்த்தாமல், கையை உயர்த்தி நடுவரை அழையுங்கள்.