ஸ்க்ரோல் சா: மெஷினும் வடிவமும் கைமாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுக்குள் வைத்துச் செய்யக்கூடிய மரவேலை என்று பார்த்தால் ஸ்க்ரோல் சா என்ற சிறு மின்ரம்பத்துக்குத்தான் முதலிடம். மேசை மீதே உட்கார்ந்துவிடும். சத்தம் தையல் மெஷினைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். 5 அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மயில், குத்துவிளக்கு, கோலம், வீட்டுப் பெயர்ப்பலகை என்று எதையும் வெட்டித் தரும். ஆனால் மெஷின் விலை கொஞ்சம் அதிகம், வீட்டில் இடமும் குறைவு. அதனால் ஒருவர் வாங்குகிறார், நாலு பேர் இரவல் கேட்கிறார்கள். வடிவங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. பிளேடும் மிச்சப் பலகையும் கைமாறுகின்றன.

நல்ல பழக்கம்தான், வளர வேண்டிய பழக்கமும்கூட. இதில் மனக்கசப்பு வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: பொருள் கைமாறிவிடுகிறது, அதைப் பற்றிய விவரம் கொடுத்தவரிடமே தங்கிவிடுகிறது.

வடிவத்தை அனுப்புவதில்

முதல் தவறு, வடிவத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவது. படம் சுருங்கிவிடும், கோடு மங்கிவிடும், எந்த அளவில் அச்சிட வேண்டும் என்பதும் தெரியாது. பிடிஎஃப் கோப்பாக, ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். தமிழ் எழுத்து உள்ள வடிவமென்றால் எழுத்துருவைக் கோட்டுருவமாக (வெறும் கோடுகளாக) மாற்றிவிட்டு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் உங்கள் கணினியில் அழகாகத் தெரிந்தது அவர் கணினியில் வேறு எழுத்துருவில், சில சமயம் வெறும் கட்டங்களாகத் திறக்கும்.

அடுத்தது அச்சிடும் அளவு. ஸ்க்ரோல் சா வடிவங்களில் நிறைய அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அவை அங்குள்ள ‘லெட்டர்’ தாளுக்கு வரையப்பட்டவை: 216 மில்லிமீட்டர் அகலம், 279 உயரம். நம் ஊர் ஏ4 தாள் 210-க்கு 297. அச்சு இயந்திரத்தில் ‘தாளுக்குப் பொருத்து’ என்று இருந்தால் வடிவம் கிட்டத்தட்ட 3 சதவீதம் சுருங்கும், ஓரத்துக்கு இடம் விடும்போது இன்னும் கொஞ்சம் குறையும். சுவரில் மாட்டும் மயிலுக்கு இது ஒன்றும் செய்யாது. ஒன்றோடொன்று கோத்து நிற்கும் விளக்குத் தாங்கி, பெட்டி, அலமாரித் தட்டு போன்றவற்றுக்கு இது போதும், வேலை கெட்டுப்போகும். நீங்கள் பகிரும் ஒவ்வொரு வடிவத்தின் மூலையிலும் 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று வரைந்துவிடுங்கள். வாங்குபவர் அச்சிட்டதும் அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்த்தால் விஷயம் முடிந்தது.

பலகையின் தடிமனும் இதே வகைச் சிக்கல்தான். கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர். இங்கே கடையில் கிடைப்பது 6 மில்லிமீட்டர் பிளைவுட். அதுவும் உண்மையில் 6 இருக்காது, எழுதியிருப்பதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது சகஜம். கால் அங்குலத்துக்கு வெட்டிய காடியில் (பலகை செருகும் பள்ளத்தில்) இந்தப் பலகை லொடலொடவென்று ஆடும். ஆகவே “எந்தத் தடிமனுக்கு வரைந்தது, காடி எவ்வளவு அகலம்” என்ற இரண்டையும் வடிவத்திலேயே எழுதுங்கள். வாங்கியவர் வெர்னியர் காலிப்பரால் தன் பலகையை அளந்து, காடியைத் திருத்திக்கொண்ட பிறகு வெட்டலாம்.

நம்மவர்கள் அதிகம் கேட்கும் வேலை தமிழ்ப் பெயர்ப்பலகை. அதில் ஆங்கில எழுத்தில் அவ்வளவாக வராத சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘இல்லம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுத்தையே பலகையிலிருந்து வெட்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் ‘ல்’, ‘ம்’ இரண்டின் மேலும் உள்ள புள்ளிகள் எதனோடும் ஒட்டாமல் தனியே வந்துவிடும். மாறாக, பலகையில் எழுத்து வடிவத்தில் ஓட்டை போடப் போகிறீர்கள் என்றால் புள்ளிக்குச் சிக்கல் இல்லை. ‘ல’வின் சுழிக்குள்ளும் ‘ம’வின் வயிற்றுக்குள்ளும் இருக்கும் மரம் பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். முதல் வகைக்குப் புள்ளியை எழுத்தோடு இணைக்கும் சிறு கழுத்தோ, எல்லாவற்றையும் ஒட்டிவைக்கப் பின்பலகையோ வேண்டும். இரண்டாம் வகைக்குச் சுழியின் குறுக்கே சிறு பாலங்கள் வேண்டும். கருப்பு நிறம் வெட்டி எடுக்க வேண்டிய பகுதியா, நிற்க வேண்டிய பகுதியா என்று சொல்லாமல் வடிவத்தை அனுப்பினால், வாங்கியவர் பாதி வெட்டிய பிறகுதான் பாலம் இல்லை என்று கண்டுபிடிப்பார். வெட்டி எடுக்க வேண்டிய பகுதியை நிழலிட்டு, ‘இது போகும் பகுதி’ என்று எழுதினால் போதும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. சுழிக்குள் வெட்டத் தொடங்க முதலில் ஒரு துளை போட்டு, அதன் வழியே பிளேடை நுழைக்க வேண்டும். முனையில் குறுக்கு ஊசி உள்ள பிளேடு மட்டுமே ஏற்கும் மெஷின் என்றால் துளை ஏறத்தாழ 5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஊசி இல்லாத மெல்லிய பிளேடுக்கு 1 மில்லிமீட்டர் துளையே போதும். சிறிய சுழிகள் நிறைந்த வடிவத்தைப் பகிரும்போது ‘ஊசியில்லாப் பிளேடுக்கு மட்டும்’ என்று போட்டுவிடுங்கள். ஊசி பிளேடு வைத்திருப்பவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வார், அல்லது வேறு வடிவம் தேடுவார்.

முடிந்த வேலையின் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போவதும் பாதிப் பகிர்வுதான். என்ன மரம், என்ன தடிமன், பிளேடு எந்த எண், எங்கே கருகியது, எங்கே உடைந்தது என்று இரண்டு வரி எழுதினால் அடுத்தவருக்கு உண்மையான உதவி. கடின மரத்தில் வெட்டு ஓரம் கருகாமல் இருக்க மேலே பேக்கிங் டேப் ஒட்டிக்கொண்டு வெட்டலாம் என்பது இப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மெஷினை இரவல் கொடுப்பதில்

மின்சாரத்தை முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. பிளக்கை மட்டும் மாற்றும் அடாப்டர் போட்டுச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். அதற்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் வாட் அளவு மெஷினுடையதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். இத்தகைய மெஷினைக் கொடுக்கும்போது டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்தே கொடுங்கள். ‘இது இல்லாமல் செருகாதே’ என்று பிளக்கிலேயே ஒரு சீட்டு ஒட்டுங்கள். வாயால் சொன்னது வீட்டில் இன்னொருவர் எடுத்துச் செருகும்போது உதவாது.

தூக்கிச் செல்வதிலும் கவனம் வேண்டும். பிளேடுக்கும் பின்சட்டத்துக்கும் இடையே 20 அங்குல இடைவெளி உள்ள மெஷின்களில் சில 25 கிலோ கனக்கும். கைப்பிடிபோல் தெரிகிறது என்று மெஷினின் மேல்கையைப் பிடித்துத் தூக்குகிறார்கள். அந்தக் கைதான் பிளேடை நேராக வைத்திருப்பது. அது இம்மி விலகினாலும் பிளேடு மெஷினின் மேசைக்கு, அதாவது மரத்தை வைத்து வெட்டும் தட்டுக்கு, செங்குத்தாக நிற்காது. அடிப்பாகத்தைப் பிடித்து, இருவராகத் தூக்க வேண்டும். மின்தூக்கி வரை தள்ளிச் செல்ல ஒரு தள்ளுவண்டி கிடைத்தால் நல்லது.

இரவல் வாங்கியவரிடமிருந்து வரும் வழக்கமான புகார், “அண்ணே, கோடு நேராகவே போகமாட்டேங்குது, மெஷின்ல கோளாறு.” பெரும்பாலும் கோளாறு மெஷினில் இருக்காது. பல பிளேடுகளில் தயாரிக்கும்போதே ஒரு பக்கம் மெல்லிய பிசிறு உண்டாகும். அதனால் மரத்தை நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கமாக விலகும். பழகியவர் தன்னை அறியாமலே மரத்தைச் சற்றுத் திருப்பிப் பிடித்து அதைச் சரிக்கட்டிவிடுவார். புதியவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டும், ஒரு வீணான பலகையில் நேர்கோடு வெட்டச் சொல்லி அவரே கண்டுகொள்ளும்படி செய்தால் இன்னும் நல்லது. பிளேடு தொய்வாக இருந்தாலும் இதே தொல்லை வரும். விரலால் சுண்டினால் தெளிவான, உயர்ந்த ஒலி வர வேண்டும். மந்தமாகக் கேட்டால் இன்னும் இறுக்க வேண்டும்.

திருப்பித் தருபவர் செய்ய வேண்டியவை சின்ன விஷயங்கள்தான்: பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்துவது, சாய்த்து வைத்த மேசையை மறுபடி சுழியத்துக்குக் கொண்டுவருவது, மரத்தூளைத் துடைப்பது, ஆலன் கீயை மறக்காமல் தருவது. அந்தக் குட்டிச் சாவி தொலைந்தால் பிளேடு மாற்ற முடியாது, மெஷின் சும்மா கிடக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் இரும்பு மேசை மிகச் சீக்கிரம் துருப்பிடிக்கும். மெல்லிய மெழுகு ஒரு பூச்சு பூசிவிட்டால் துருவும் தங்காது, மரமும் வழுக்கிக்கொண்டு நகரும்.

எங்கே வைத்து வெட்டுவது

நாலு பேர் கூடினால் வீட்டுக்கு வெளியே பொது நடைபாதையில் மேசை போடத் தோன்றும். வேண்டாம். நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. தவிர, உங்கள் மரத்தூள் பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில்தான் போய் உட்காரும். வீட்டுப் பாதுகாப்பு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டுவது அதைவிட மோசம், காற்றோட்டமே இருக்காது. சன்னலோரம் வைத்து, மெஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். கீழ்வீட்டுக்குப் போவது சத்தத்தைவிட அதிர்வுதான். இரவு 10 மணிக்குமேல் மெஷினைத் தொட வேண்டாம்.

மரத்தூளைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. விருந்தாளியாக வந்து வேடிக்கை பார்ப்பவருக்கும் என்95 முகக்கவசம் கொடுங்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

பலகையும் பிளேடும் பங்கிடுவதில்

தொழிற்பேட்டைகளில் சரக்கு அடுக்கும் பழைய மரத்தட்டுகளைக் கேட்டு வாங்கி, பிரித்துப் பங்கிடுகிறார்கள். அவற்றில் சூட்டு முத்திரை ஒன்று இருக்கும். ‘எச்டி’ (HT) என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது. ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் பதப்படுத்தியது. அதைத் தொடாதீர்கள், அடுத்தவருக்கும் தராதீர்கள். முத்திரையே இல்லாததும், ஏதோ கொட்டிக் கறைபட்டதும் அதே கணக்குத்தான்.

ரப்பர் மரத்துண்டு யாராவது தந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டூசி முனை அளவு ஓட்டைகளும், தட்டினால் உதிரும் மாவு போன்ற தூளும் இருந்தால் உளு இருக்கிறது. அது உங்கள் வீட்டு அலமாரிக்கும் பரவலாம். சாலையோர அங்சானா மரம் தமிழ்நாட்டு வேங்கையின் இனம், வெட்டினால் சிவந்த அழகான மரம். ஆசை வருவது இயல்புதான். ஆனால் பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ விழுந்து கிடக்கும் கிளையைக்கூட அனுமதி இல்லாமல் எடுத்து வரக் கூடாது.

பிளேடை மொத்தமாக வரவழைத்துப் பிரித்துக்கொள்வது நல்ல யோசனை, அனுப்பும் செலவு பங்காகும், 9 சதவீதப் பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது உறையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் குறை. வெறும் ‘5-ஆம் எண்’ என்றால் போதாது, ஒரு நிறுவனத்தின் 5-ஆம் எண்ணும் இன்னொன்றினுடையதும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டியதில்லை. நிறுவனம், எண், பல்லின் வகை, கீழ்முனையில் எதிர்ப்பல் (மேல்நோக்கிய சில பற்கள்) உண்டா என்பதைச் சிறு பைகளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். எதிர்ப்பல் உள்ள பிளேடு பலகையின் அடிப்பக்கம் சிலாம்பு எழாமல் வெட்டும், அதைத் தலைகீழாக மாட்டினால் மரம் மேசையை விட்டுத் துள்ளும். மற்றப் பற்கள் கீழ்நோக்கி இருக்கின்றனவா என்று விரலால் மெதுவாக வருடிப் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

வரைந்தவர் பெயர்

காசு கொடுத்து வாங்கிய வடிவத்தைக் குழுவில் அப்படியே போட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. அது உதவி இல்லை, வரைந்தவரின் வருமானம். சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் போட்டுவிட்டால் மட்டும் நகல் எடுக்க அனுமதி கிடைத்துவிடாது, விற்பதற்கும் அப்படியே. தீபாவளிச் சந்தையில் விற்க நினைத்தால் வரைந்தவரிடம் முதலில் கேளுங்கள், பலர் ஒரு மின்னஞ்சலிலேயே சம்மதிப்பார்கள். நீங்களே வரைந்த கோல வடிவம் என்றால், யாரும் வெட்டலாமா, விற்கலாமா என்பதைத் தாளின் அடியிலேயே எழுதிவிடுங்கள்.

புதியவர் முதன்முறை உட்காரும்போது

ஸ்க்ரோல் சா மற்ற ரம்பங்களைவிடச் சாதுவானது, அதனாலேயே அசட்டையும் வருகிறது. ஒருவர் மரத்தைப் பிடித்திருக்க, இன்னொருவர் உதவுவதாக நினைத்து சுவிட்சைப் போடுவார். வெட்டுபவரின் கையில் மட்டுமே சுவிட்ச் இருக்க வேண்டும். பிளேடு மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, தளர்ந்த முடி எதுவும் மேசைக்கு மேல் வரக் கூடாது. பிளேடு படாரென்று உடைந்து முனை எகிறுவது உண்டு, அதனால் பாதுகாப்புக் கண்ணாடி அவருக்கும் வேண்டும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் உங்களுக்கும் வேண்டும். முதல் பலகைக்குச் சின்னச் சுழி உள்ள பெயரைக் கொடுக்காமல், 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு மாவிலை வெட்டச் சொல்லுங்கள். வளைவும் கூர்முனையும் இரண்டும் அதில் இருக்கின்றன, வெட்டி முடித்ததை வாசலில் தொங்கவிடவும் செய்யலாம்.