மூன்றரை மாத மந்திரிசபையைப் படிப்பது எப்படி

குரூப் 1, குரூப் 2 என்று பாளையங்கோட்டையில் நோட்டும் கையுமாக அலையும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். 1937-ல் சென்னை மாகாணத்தில் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால மந்திரிசபை இருந்தது. ஏப்ரல் 1-ல் வந்தது, ஜூலை 14-ல் போய்விட்டது. கைடுகளில் இதற்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம், சிலதில் பொப்பிலி ராஜாவுக்கு அப்புறம் நேரே ராஜாஜிதான். அந்த ஒரு வரியை உருப்போட்டால் ஒரு மார்க் தேறும், ஆனால் மெயின்ஸில் 'விவாதிக்க' என்று கேட்டுவிட்டால் இரண்டாவது வரிக்கு மேல் பேனா நகராது.

மந்திரிகள் பெயரை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். முதலில் தலைக்கணக்கைப் போடுங்கள். அந்த வருடத் தேர்தலில் பேரவையில் மொத்தம் 215 இடம், காங்கிரஸுக்கு 159. ஆட்சி அமைக்க 108 போதும். அதுவரை ஆண்ட நீதிக்கட்சி மண்ணைக் கவ்வியது, முதல் மந்திரியாக இருந்த பொப்பிலி ராஜாவே வி.வி.கிரியிடம் தோற்றார், நமக்குப் பக்கத்து ராமநாதபுரத்தில் சேதுபதி ராஜாவை முத்துராமலிங்கத் தேவர் தோற்கடித்தார். சரி, இவ்வளவு பெரிதாக ஜெயித்தவர்கள் ஏன் நாற்காலியில் உட்காரவில்லை? இந்தக் கேள்வியை நோட்டில் மேலே எழுதிக்கொண்டு அப்புறம் படியுங்கள், மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும்.

பதில் 1935-ஆம் வருட இந்திய அரசுச் சட்டத்தில் இருக்கிறது. மாகாணத்துக்குத் தன்னாட்சி என்று கொடுத்துவிட்டு, கவர்னர் கையில் தனி அதிகாரங்களையும் விட்டுவைத்திருந்தார்கள். அந்த அதிகாரங்களை எடுத்து எங்கள் மந்திரிகள் வேலையில் தலையிட மாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள், அப்போதுதான் பதவி ஏற்போம் என்றது காங்கிரஸ். கொடுக்க முடியாது என்றுவிட்டார்கள் வெள்ளைக்காரர்கள். ஆனால் ஏப்ரல் 1-ல் சட்டம் நடைமுறைக்கு வருகிறது, அன்றைக்கு யாராவது மந்திரியாக இருந்தாக வேண்டும். கவர்னர் எர்ஸ்கின் பிரபு சீனிவாச சாஸ்திரியாரைக் கேட்டுப் பார்த்தார், அவர் மாட்டேன் என்றுவிட்டார். அதன் பிறகுதான் வெங்கட ரெட்டி நாயுடு. ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் ஏஜெண்டாக இருந்தவர், கவர்னரின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர், 1936-ல் எர்ஸ்கின் லீவில் போனபோது சில மாதம் கவர்னர் நாற்காலியிலேயே உட்கார்ந்தவர்.

இங்கே வகுப்பில் தவறாமல் ஒரு பையன் கையைத் தூக்குவான்: "அண்ணாச்சி, மெஜாரிட்டி இல்லாம மந்திரியா எப்படி இருந்தாவ? மறுநாளே கவுத்திருக்கலாம்லா?" நல்ல கேள்வி. கவிழ்க்க வேண்டுமானால் சபை கூட வேண்டும், இங்கே சபையே கூடவில்லை. உடனே கூட்டியே தீரவேண்டும் என்ற நெருக்கடியும் சட்டத்தில் இல்லை. எம்எல்ஏவாக இல்லாதவரும் ஆறு மாதம் வரை மந்திரியாக இருக்கலாம் என்று அதே சட்டம் சொன்னது, இன்றைக்கும் அரசியலமைப்பின் 164-ஆம் பிரிவில் அது இருக்கிறது. கடைசியில் பேரவை சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் முதல் தடவையாகக் கூடியபோது ஜூலை பாதி ஆகிவிட்டது, ராஜாஜி பொறுப்புக்கு வந்திருந்தார். ஆகவே எந்த மைனாரிட்டி அரசைப் படித்தாலும் எத்தனை நாள் இருந்தது என்று பார்ப்பதற்கு முன்னால் சபை எப்போது கூடியது என்று பாருங்கள். அதன் ஆயுசு அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

இனி பெயர்களுக்கு வரலாம். ஏ.டி.பன்னீர்செல்வம், செட்டிநாட்டு முத்தையா செட்டியார், திருச்சி கலிபுல்லா சாகிப், எம்.சி.ராஜா, மலபாரிலிருந்து ஆர்.எம்.பாலாட். இதைப் பாட்டு மாதிரி ஒப்பிக்காமல் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யாருடைய பிரதிநிதி என்று எழுதுங்கள். பன்னீர்செல்வம் தஞ்சைப் பக்கத்துக் கிறிஸ்தவர், நீதிக்கட்சியின் பெரிய தலை. கலிபுல்லா முஸ்லிம். எம்.சி.ராஜா ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர். பாலாட், ஒரு காலத்தில் காங்கிரஸ் தலைவராக இருந்த சர் சங்கரன் நாயரின் மகன். சபையில் ஆள் பலம் இல்லாதவர்கள், ஊருக்கு ஒருவர் சமூகத்துக்கு ஒருவர் என்று சேர்த்து அந்தக் குறையை மூடப் பார்த்தார்கள். இது என் கணிப்புதான், ஆனால் பதிலில் எழுதலாம், திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். இந்த மந்திரிசபை என்ன சாதித்தது என்று பக்கம் பக்கமாகத் தேடி நேரத்தைக் கொல்ல வேண்டாம்.

தேதி வரிசையில் இன்னும் இரண்டு புள்ளி வேண்டும். சத்தியமூர்த்தி மாதிரி ஆட்கள் பதவி ஏற்க வேண்டும் என்று கட்சிக்குள்ளேயே மல்லுக்கு நின்றார்கள். ஜூன் 22-ல் வைஸ்ராய் லின்லித்கோ கொஞ்சம் இறங்கிவந்து, கவர்னர்களின் தனி அதிகாரம் பற்றி ஓர் அறிக்கை விட்டார். ஜூலையில் காங்கிரஸ் காரியக் கமிட்டி சரி என்றது. நாயுடு விலகினார்.

நம்ம ஊர்க்காரர்கள் வரைபடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் தூத்துக்குடியும் தென்காசியும் அடக்கம், அதெல்லாம் நாயுடு மந்திரிசபையின் கீழ். ஆனால் தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் சீட்டில் சரியாக உட்காருவதற்குள் வந்துவிடும் செங்கோட்டை இந்த மந்திரிசபைக்குக் கட்டுப்பட்டது இல்லை. அது திருவிதாங்கூர் மகாராஜாவின் ஊர், திவான் சர் சி.பி.ராமசாமி ஐயர். 1956-ல்தான் நம்மோடு சேர்ந்தது. 'மாகாணம்', 'சமஸ்தானம்' வித்தியாசம் குழப்பினால் இந்த இரண்டு ஊரை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

படித்தது ஏறியிருக்கிறதா என்று பார்க்க, அதே சபைக் கேள்வியை வேறு மூன்று வருடங்களில் கேளுங்கள். 1952: காங்கிரஸுக்கு 375-ல் 152தான், தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவை நியமனம் வழியாகக் கொண்டுவந்தார்கள், ஆனால் அவர் சபைக்குப் போய் நம்பிக்கை வாக்கு வாங்கினார். 1988: ஜானகி அம்மாள் ஜனவரி 7-ல் பதவியேற்றார், 28-ல் நம்பிக்கைத் தீர்மானம், சபைக்குள் அடிதடி, போலீஸ் உள்ளே வந்தது, 30-ல் ஆட்சி கலைந்தது, அன்றைக்குச் சபாநாயகர் நாற்காலியில் இருந்த பி.எச்.பாண்டியன் நம்ம சேரன்மகாதேவி எம்எல்ஏ. 2006: திமுகவுக்கு 234-ல் 96, காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கியது, ஐந்து வருடமும் ஓடியது. மைனாரிட்டி என்றாலே அற்பாயுசு என்று எழுதித் தொலைக்காதீர்கள், மார்க் போய்விடும்.

நோட்டில் இடம் மிச்சமிருந்தால் அதே 1937-ல் பம்பாயில் தன்ஜிஷா கூப்பர், பீகாரில் முகமது யூனுஸ் அமைத்த இடைக்கால மந்திரிசபைகளையும் எடுத்துக்கொண்டு, இதே மாதிரி தலைக்கணக்கு, சபை கூடிய தேதி, யார் யாருடைய பிரதிநிதி என்று கைடைப் பார்க்காமல் அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள்.